மூன்றாம் குழியில் பாய்மரம்

அரியலூரில் சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டில், ஒரு சின்ன லோடு வண்டியின் முதுகில் வெள்ளைப் படகு ஒன்று போனால் சனங்கள் என்ன செய்வார்கள்? டீ கிளாசைக் கையில் பிடித்தபடி கடையை விட்டு வெளியே வந்து பார்ப்பார்கள். பார்த்தார்கள். "என்னா சார், வெள்ளம் வருதுன்னு தகவலா?" என்று ஒருவர் கேட்டார். முன்சீட்டில் டிரைவருக்கும் என் மனைவிக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த எனக்கு மானமே போயிற்று. லீலா மேரியோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இல்லைங்க, காத்து வருது!" என்று கத்தினாள்.

அவளுக்கு அறுபது வயது. எனக்கு அறுபத்தாறு. நான் தேவசகாயம், சென்னையில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். தண்ணீரைக் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் மட்டும் பயன்படுத்துகிற ஒழுங்கான மனிதன். லீலா அப்படியில்லை. வாழ்நாள் முழுக்க நிலத்தை வடிவமைத்தவள். ஆஸ்பத்திரி வளாகம், கல்லூரி, கம்பெனிக் கட்டடம் என்று எங்கே எந்த மரம், எங்கே பாதை, எங்கே நிழல், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று வரைந்து கொடுப்பாள். யாராவது தோட்டக்காரி என்றால் கோபிக்கமாட்டாள். "அவங்க செடி வைக்கிறவங்க. நான் செடிய எங்க வைக்கக் கூடாதுன்னு சொல்றவ" என்று திருத்துவாள்.

இது தொழில். பைத்தியம் வேறு. சென்னையில் இருந்த காலத்தில் ஞாயிறு காலை முதல் பூசை முடிந்ததும் துறைமுகத்துக்கு ஓடிவிடுவாள். அங்கே பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். மத்தியானம் உப்புக் கரித்த தலைமுடியோடு வீட்டுக்கு வந்து, அன்றைக்குக் காற்று எப்படித் திரும்பியது, பாயை எப்படி இழுத்தாள் என்று சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவாள். சாம்பார் ஆறிப்போகும். எனக்குப் பாதி புரியாது. ஆனால் அந்த நேரத்து முகத்தைப் பார்ப்பதற்காகவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனி அவளை அழைத்தது. கல் எடுத்த குழிகளைச் சுற்றிப் பசுமை பண்ணித்தர வேண்டும் என்றது. எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை, பக்கம்தான். நான் ஓய்வு பெற்றிருந்தேன். சரி போவோம் என்று அரியலூருக்கே குடிவந்துவிட்டோம். கடலை விட்டு வருகிறாளே, இனிமேல் பைத்தியம் தெளிந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் மண் விழுந்தது.

கடல் அரியலூரை விட்டுப் போய்க் கோடிக்கணக்கான வருஷமாகிறது. குழிகளில் கிடைக்கிற கிளிஞ்சல் கல்லைக் காட்டி இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் பரீட்சை எழுதி மறந்துவிடுகிறார்கள். என் மனைவி மறக்கவில்லை. கம்பெனியின் மூன்றாம் குழியில் மூன்று வருஷத்துக்கு முன்பு கல் தீர்ந்துபோனது. மழையும் ஊற்றும் சேர்ந்து குழி நிரம்பியது. ஒரு சின்ன ஊரையே உள்ளே இறக்கி வைக்கலாம், அவ்வளவு பெரிசு. தண்ணீர் மயில் கழுத்து நிறம். முதல்முறை அதைப் பார்த்தபோது லீலா என் கையை அழுத்திப் பிடித்தாள். அந்தப் பிடியிலேயே எனக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

அவள் போட்ட திட்டம் இதுதான். கரையை இறக்கிப் படித்துறை கட்ட வேண்டும். சரிவில் இலுப்பை, புங்கம், வேம்பு வைக்க வேண்டும். தண்ணீரைத் திறந்தே விட வேண்டும். சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே நீச்சலும் பாய்மரமும் கற்றுத்தர வேண்டும்.

கம்பெனியின் சுரங்க இன்ஜினியர் செந்தில்குமார் இதற்குச் சம்மதிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். "குழித்தண்ணில விழுந்து செத்த புள்ளைங்கள நான் பாத்திருக்கேன் மேடம். சுத்தி முள்வேலி போட்டுப் பூட்டிடுவோம். யாரும் கிட்ட வரவேணாம்" என்றார். "வேலி போட்டா புள்ளைங்க ஏறிக் குதிக்கும் சார். நீச்சல் கத்துக்குடுத்தா பொழைக்கும்" என்று லீலா சொன்னாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

முடிவு எடுக்க அரசாங்கம் ஒரு குழுவை அனுப்பியது. தலைவர் ஜெயசுதா என்ற அதிகாரி. வயது நாற்பதுக்குள் இருக்கும். அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"பாய்மரப் படகுங்கறீங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. இந்தப் பள்ளத்துக்குள்ள அது ஓடுமா?"

"பறக்கும் மேடம்!" என்றாள் லீலா.

"பறக்க வேணாம். மோட்டார் இல்லாம, துடுப்பு இல்லாம, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போயிட்டுத் திரும்பி வாங்க. வந்துட்டீங்கன்னா உங்க பிளான்ல கையெழுத்துப் போடறேன். வரலன்னா வேலிதான். அதுக்கப்புறம் பேச்சு கெடையாது."

"அப்ப ஆவணியில ஒரு நல்ல நாளாப் பாத்து வச்சுக்கலாம் மேடம்" என்றார் செந்தில்குமார். "ஆடியில எதுக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கணும்?"

லீலா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "ஆடியிலதான் சார் வேணும்! ஆவணியில காத்து படுத்துரும். நீங்க ஆடியில கல்யாணம் பண்ண வேணாம், வூடு குடிபோக வேணாம், படகு மட்டும் வுட்டுக்கிறேன், வுடுங்க!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆடி மாதத்திலேயே ஒரு திங்கட்கிழமை குறிக்கப்பட்டது. சென்னையில் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த படகு லோடு வண்டி ஏறியது அதன் பிறகுதான்.

ஒத்திகை பார்த்த அன்று மேலே கரையில் நிற்கவே முடியவில்லை. காற்று என் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புங்க மரத்தில் மாட்டிவிட்டது. ஆகா, இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுவாள் என்று நினைத்தேன். லீலா பழைய லாரிப் பாதை வழியாகப் படகைத் தள்ளி மேற்குக் கரையில் இறக்கினாள். பாயை ஏற்றினாள். ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுத்தாள்.

படகு நகரவில்லை. பாய் துவைத்துக் காயப்போட்ட புடவை மாதிரி தொங்கியது. ஏதோ கொஞ்சம் அசைந்து நடுத்தண்ணீருக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது. மேலே மரமெல்லாம் பேயாட்டம் ஆடுகிறது, கீழே தண்ணீர் தட்டில் ஊற்றிய பாயசம் போல அசையாமல் கிடக்கிறது. வெயில் ஏறிக்கொண்டே போனது. "துடுப்பாவது போடு லீலா!" என்று கத்தினேன். "முடியாது!" என்று பதில் வந்தது. எனக்கு எரிச்சல் வந்தது, கூடவே பயமும் வந்தது. திங்கட்கிழமை இப்படி நின்றால் அவள் மனசு என்னாகும்?

பையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தினாள். படகில் உட்கார்ந்து யாருக்கு ஊதுபத்தி காட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. புகை ஆடாமல் அசையாமல் நேராக மேலே போயிற்று. அவள் கண்ணும் அதன் கூடவே மேலே போயிற்று. மேற்குக் கரை உச்சியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று படகிலேயே எழுந்து நின்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க! திருடி நான்தாங்க! காத்தத் திருடுனது நான்தான்!"

பிறகு துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து, மூச்சுவாங்கச் சொன்னாள். மேற்குக் கரை உச்சியில் ஐந்து வரிசையாக நிற்கும் சவுக்கு அவள் திட்டப்படி வைத்தது. கல் எடுத்த காலத்தில் ஆடிக்காற்று குழியிலிருந்து தூசியை வாரிக்கொண்டுபோய்க் கிழக்கே இருக்கிற ஊரில் கொட்டும். கொடியில் காயும் துணி வெள்ளையாகும், பிள்ளைகள் இருமிக்கொண்டே இருப்பார்கள். காற்றைத் தடுக்க அவள் மரத்தால் ஒரு சுவர் எழுப்பினாள். மரம் வளர வளரத் தூசி நின்றது. சென்னையில் அவளுக்கு அதற்காகப் பரிசுகூடக் கொடுத்தார்கள். பரிசு வாங்கின சுவர் இப்போது அவளுடைய பாய்க்கே காற்றை விடமாட்டேன் என்கிறது.

இதைச் சொல்லும்போது அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ துள்ளிக்கொண்டிருந்தாள்.

"வழி இருக்குங்க! மரச் சுவர்ல ஒரு சந்து வுட்டா என்ன ஆகும் தெரியுமா? வெட்டவெளியில அடிக்கறதவிட வேகமா அந்தச் சந்துல காத்து பூரும். அதனால சந்தே வுடாதீங்கன்னுதான் எங்க படிப்புல மொத பாடம். நான் இப்ப வேணும்னே வுடப்போறேன். குழி நெடுக காத்து ஓடும். இப்பத்தான் தூசி கெடையாதே, ஊருக்கு ஒண்ணும் ஆவாது!"

அன்றைக்கே சிவப்பு பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக மேலே ஏறிவிட்டாள். எந்தெந்த மரம் போகவேண்டும் என்று அடிமரத்தில் வளையம் போட ஆரம்பித்தாள். அங்கேதான் ராசாங்கம் வந்தார்.

ராசாங்கம் நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயது இருக்கும். நல்ல வாட்டசாட்டமான ஆள். ஐந்து வரிசைச் சவுக்கையும் டிரம்மில் தண்ணீர் கட்டி இழுத்து வளர்த்தவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் சவுக்கு என்றால் வெட்டுவதற்குத்தான் நடுவார்கள். நாலைந்து வருஷத்தில் கம்பமாகி லாரி ஏறிவிடும். நட்ட அன்றைக்கே அவர் லீலாவிடம் கேட்டிருந்தார். "வளந்ததும் வித்துருவீங்கள்லம்மா?" லீலா அன்றைக்குச் சொன்ன பதில் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. "என் வாக்கு ராசாங்கம். இந்த மரத்துல கத்தி படாது." அதை நம்பித்தான், ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த சவுக்கு வியாபாரிகளை அவர் ஒவ்வொரு தடவையும் திட்டித் துரத்தினார்.

இப்போது சிவப்பு வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பெயிண்ட் ஒட்டியது.

"என்னாம்மா இது?"

லீலா சொன்னாள். காற்று, சந்து, படகு, பிள்ளைகள், வேலி எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் முகம் மாறவே இல்லை.

"அப்ப அன்னிக்குக் குடுத்த வாக்கு?"

அவள் கையிலிருந்த தூரிகையிலிருந்து பெயிண்ட் சொட்டிச் செருப்பில் விழுந்தது.

"ஒங்க படகு ஓடணும்னா ஓடட்டும்மா. எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? நீங்க மேடம், நான் கூலி" என்று சொல்லிவிட்டு அவர் பண்ணைக்கு இறங்கிப் போய்விட்டார். எட்டு வருஷத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதன் பிறகு எதிரில் வந்தால்கூட அவளைப் பார்க்காமல் போனார். நானே போய்ச் சமாதானம் பேசலாம் என்று பண்ணைக்குப் போனேன். "டீ சாப்பிடறீங்களா சார்" என்று கேட்டார். டீ வந்தது. பேச்சு வரவில்லை.

சனிக்கிழமை காலை மரம் வெட்டுகிற ஆட்கள் மெஷின் ரம்பத்தோடு வந்தார்கள். நானும் லீலாவும் மேலே நின்றோம். ராசாங்கம் கீழே தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விட்டுக்கொண்டே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நாற்றுக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு?

மெஷின் உறுமியது. முதல் மரத்துக்குக் கிட்டே போனது. லீலா கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார்கள்.

"வேணாங்க. வாக்குக் குடுத்திருக்கேன். மறந்துட்டேன். போயிட்டு வாங்க" என்று சத்தமாகச் சொல்லி, அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்காகவா? அவளுக்காகத்தான். வாழ்நாள் முழுக்க வரைந்ததெல்லாம் அடுத்தவன் வாசலுக்கு. இது ஒன்றுதான் அவள் தனக்காக ஆசைப்பட்டு வரைந்தது.

"சவுக்குதானே லீலா! ஊரே வெட்டுது, நீ வெட்டுனா என்ன?"

"சவுக்குதாங்க. வாக்கும் சவுக்கா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரதராஜன்பேட்டைக்குப் போனோம். பூசையில் எப்போதும் எனக்குக் காது அடைக்கிற மாதிரி பாடுகிறவள், அன்றைக்கு உதட்டை மட்டும் அசைத்தாள். என் தங்கச்சி கிறிஸ்டி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. "அண்ணி ஏன் ஒரு மாதிரியா இருக்காங்க?" என்று கிறிஸ்டி கேட்டாள். "காத்து இல்ல" என்றேன். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள், பாவம்.

திங்கட்கிழமை காலையில் லீலா நீச்சல் உடுப்புக்குமேல் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நடுவுல நின்னா நின்னுட்டுப் போவுது. பாயாச்சும் ஏத்திட்டுத் தோத்துக்கறேன்" என்றாள்.

குழிக்குப் பக்கத்தில் வண்டி திரும்பியது. நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்தும் நம்பவில்லை. மேற்கு வானத்தில் ஐந்து வரிசை மரத்துக்கு நடுவே ஒரு பெரிய வெளிச்சம்! சிவப்பு வளையம் போட்ட மரங்கள் ஒன்றுகூட இல்லை. வளையம் போடாத மரங்களில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டிய கம்பங்கள் ஓரமாக அளவாக அடுக்கியிருந்தன. அந்தச் சந்து வழியாக ஆடிக்காற்று கோயில் திருவிழாக் கூட்டம் மாதிரி முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீர் நெடுக வெள்ளை வெள்ளையாக அலை! அரியலூரில் அலை!

கம்பக் குவியல்மேல் ராசாங்கம் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் மரத்தூள். லீலா அவரை நோக்கி ஓடினாள். அவர் அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "காத்து வருதுல்ல? போங்க, கீழ எல்லாம் காத்திருக்காங்க" என்றார்.

கீழே ஜெயசுதா, செந்தில்குமார், குழுவினர் எல்லாரும் மேற்குக் கரையில் கூடிவிட்டார்கள். கிழக்கு ஊர்ப் பெண்கள் வேறு திரண்டு வந்திருந்தார்கள். செந்தில்குமார் சட்டையைக் காற்று பலூனாக்கிக்கொண்டிருந்தது. லீலா மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டாள், படகைத் தள்ளினாள், பாயை ஏற்றினாள். பாய் ஒருமுறை படபடவென்று அடித்துக்கொண்டது. கயிற்றை இழுத்தாள்.

அடேயப்பா! படகு நின்ற இடத்தில் இல்லை. முதுகில் யாரோ உதைத்து அனுப்பியது மாதிரி கிழக்கே பாய்ந்தது. முன்பக்கம் தண்ணீர் இரண்டாகக் கிழிந்து தெறித்தது. பெண்கள் குலவை போட ஆரம்பித்தார்கள். நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். அது ஜெயசுதா கூட வந்த டிரைவர். அவரும் என்னை உலுக்கிக்கொண்டிருந்தார்.

எதிர்க் கரையை எட்டித் தொட்டுவிட்டுப் படகு திரும்பியது.

"போறது பெரிசில்ல மேடம். காத்து அடிக்கிற பக்கம் சருகும்தான் போகும்" என்றார் செந்தில்குமார். "எதிர்காத்துல எப்படி வருவாங்க?"

நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் அவள் நேராக வரவில்லை. தெற்குப் பக்கம் சாய்வாக ஓடினாள், திருப்பினாள், வடக்குப் பக்கம் சாய்வாக ஓடினாள், மறுபடி திருப்பினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் படீரென்று பக்கம் மாறும், இவள் குனிந்து அந்தப் பக்கம் தாவுவாள். அறுபது வயது! சாமியே, அறுபது வயது! ஒவ்வொரு சாய்வுக்கும் படகு கொஞ்சம் கொஞ்சமாக எங்களை நெருங்கியது. சோற்றுத் தட்டை வைத்து அவள் நடித்துக் காட்டியதெல்லாம் இதுதானா என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கிட்டே வரவரக் காற்று கூடியது. சந்துக்கு நேர் கீழே அது குத்துகிற மாதிரி இறங்கியது. லீலா ஒல்லி. காற்று ஒரு பக்கம் படகைச் சாய்க்க, அவள் மறுபக்கம் விளிம்பில் உட்கார்ந்து முதுகைத் தண்ணீருக்குமேல் நீட்டிக் கனத்தைக் கொடுத்தாள். போதவில்லை. ஒரே ஒரு குத்து. பாய் தண்ணீரில் விழுந்தது. படகு கவிழ்ந்தது.

"ஐயோ!" என்று கரை முழுக்க ஒரே குரல். செந்தில்குமார் மிதவைச் சட்டை ஒன்றை எடுக்க ஓடினார். தண்ணீரில் தலை ஒன்று தெரிந்தது. அந்தத் தலை சிரித்துக்கொண்டிருந்தது! நீந்திப் படகின் அடிப்பக்கம் போனாள். அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையின்மேல் ஏறி நின்றாள். விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். பாய் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு எழுந்தது. படகு நிமிர, அதோடு அவளும் உள்ளே உருண்டாள்.

மறுபடி கயிற்றை இழுத்தாள். மறுபடி ஒரு குத்து. மறுபடி கவிழ்ந்தது. இரண்டாம் முறை நிமிர்த்துவதற்குள் காற்று அவளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கரை கூப்பிடு தூரம்தான். வரமுடியவில்லை.

"வெயிட்டு பத்தலைங்க!" என்று அங்கிருந்து கத்தினாள். "இன்னும் ஒரு ஆள் வேணும்! கனமான ஆள்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் உடம்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் முழங்கால் வரை இறங்கிவிட்டேன், சத்தியமாக. அதற்குமேல் கால் நகரவில்லை. அப்போது என் பக்கத்தில் தொபீர் என்று ஒரு சத்தம். ராசாங்கம் குதித்துவிட்டார். "மிதவைச் சட்டைய போட்டுக்குங்கய்யா!" என்று செந்தில்குமார் தன் கையில் இருந்த ஒன்றைத் தூக்கி எறிந்தார். ராசாங்கம் அதைப் பிடித்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கொள்ளிடத்தில் நீந்தின கையை வீசி வீசிப் போய்ப் படகைத் தொற்றினார்.

லீலா அவரை இழுத்து உள்ளே போட்டாள். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று காற்றில் கேட்கவில்லை. கையை மட்டும் பார்த்தோம். உட்காருங்க, இங்க, இன்னும் வெளியே, காலை அந்தப் பட்டையில மாட்டுங்க. ராசாங்கம் அந்தப் பெரிய உடம்பை விளிம்புக்கு வெளியே சாய்த்தார். காற்று குத்தியது. படகு சாயவில்லை! குத்தின காற்றெல்லாம் வேகமாயிற்று. "திருப்பறேன், குனிங்க!" என்ற குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. இருவரும் குனிந்து பக்கம் மாறினார்கள். இன்னொரு சாய்வு. இன்னொரு திருப்பம். ராசாங்கம் வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டு வந்தார். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அது வார்த்தையே இல்லை. வெறும் "ஓஓஓ!" தான்.

படகின் மூக்கு கரை மணலில் ஏறியது. பெண்கள் தண்ணீருக்குள்ளேயே ஓடினார்கள். டிரைவர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

செந்தில்குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "மேடம், வந்துட்டாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு தடவ கவுந்துச்சே?"

"கவுந்ததையும் பாத்தேன் சார். நிமித்துனதையும் பாத்தேன்" என்றார் ஜெயசுதா.

"இன்னொண்ணும் நான் சொல்லியாகணும். மேல பசுமை வளையத்துல இருந்த மரத்தக் குழுவக் கேக்காம வெட்டியிருக்காங்க. அது தப்பு."

ஜெயசுதா மேலே இருந்த சந்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "யார் வெட்டச் சொன்னது?"

இவ்வளவு தூரம் வந்து இதில் போகப்போகிறதா? லீலா ஈரம் சொட்டச் சொட்ட முன்னால் வந்தாள். "பெயிண்ட் அடிச்சது நான்தான் மேடம். பொறுப்பு என்னோடது."

"அவங்க வெட்டலம்மா" என்று பின்னாலிருந்து ராசாங்கம் சொன்னார். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "அவங்க சனிக்கெழம ஆளத் திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க வூட்டு சார் இருந்தாரு, கேட்டுக்கங்க. நேத்து ஞாயித்துக்கெழம நானும் எங்கூட்டு ஆளுங்களும்தான் வெட்டுனோம்."

"நீங்க யாரு?"

"நட்டவன்."

"நட்டவர் ஏன் வெட்டுனீங்க?"

ராசாங்கம் மிதவைச் சட்டையின் நாடாவைப் பிடித்துக்கொண்டார். "இந்த மரத்துல கத்தி படாதுன்னு அவங்க எனக்கு வாக்குக் குடுத்திருந்தாங்க. இவ்ளோ பெரிய வேல கையவுட்டுப் போறப்பவும் அதக் காப்பாத்துனாங்க. அவங்க வெட்டுனா வாக்குத் தப்புனதாயிடும். நான் யாருக்கும் வாக்குக் குடுக்கலயேம்மா. அதான் நான் வெட்டுனேன்."

ஜெயசுதா செந்தில்குமாரிடம் கையை நீட்டினார். அவர் திட்டக் காகிதங்களைக் கொடுத்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். "நீச்சல் தெரியாம யாரும் படகுல ஏறக்கூடாதுன்னு ஒரு வரி சேத்துக்கங்க. வெட்டுன மரத்துக்குப் பதிலா வேற எடத்துல நட்டுக்குடுங்க. வேலி வேணாம்" என்று சொல்லி ஜெயசுதா கையெழுத்துப் போட்டார்.

லீலா அதைப் பார்க்கவே இல்லை. அவள் ராசாங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. ராசாங்கத்துக்குச் சங்கடமாகிவிட்டது. என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பாய் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது.

"அழுவாதீங்கம்மா" என்றார். "காத்து நிக்கறதுக்குள்ள இன்னொரு தடவ போயிட்டு வந்துருவோம், வாங்க."